உப்பைத் தின்றவன் ஒருவன், தண்ணீர் குடிப்பவன் வேறொருவன்!



“நாட்டுக்குத் தேவை தொழில் வளர்ச்சியா, சுற்றுச்சூழலா?” என்ற தலைப்பில் போன பருவத்தில் நம் கல்லூரியில் பட்டிமன்றம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொழில் அணி பேசி முடித்ததும் கை தட்டினோம். சுற்றுச்சூழல் அணி பேசி முடித்ததும் அதே கையைத்தான் தட்டினோம். “இரண்டும் வேண்டும்” என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினோம்.

எனக்கு மட்டும் அன்றைக்கு அது தீரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தப் பட்டிமன்றம் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. தொழில் அணித் தலைவர் என் அப்பா. சுற்றுச்சூழல் அணித் தலைவர் என் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர். நடுவர் இல்லை. தீர்ப்பும் இன்னும் வரவில்லை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. சின்ன வயசில் அவர் விரல் நகத்தைப் பார்த்தே இன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று நான் சொல்லிவிடுவேன். அப்புச்சிக்கு நொய்யல் ஓரத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே மூன்று ஏக்கரும் ஒரு கிணறும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே மஞ்சளும் வாழையும் விளைந்தனவாம். எனக்குத் தெரிந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். எனக்குக் கட்டிய ஃபீஸ் சாயத்தில் வந்த பணம். அப்புச்சியின் கிணறு கெட்டதும் சாயத்தால்தான். இப்போது சொல்லுங்கள், நான் எந்த அணியில் உட்காருவது?

ஒரு கைப்பிடி உப்பு

மற்ற பிரிவு நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறோம். அந்தச் சாயம் தானாகப் போய்த் துணியில் ஒட்டாது. தண்ணீரில் உப்பைக் கரைத்தால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிப் பக்கம் போகும். சோடா உப்பு சேர்த்தால்தான் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்புக்கூடப் போட வேண்டிவரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிலோ துணி, கிலோவுக்கு 8 லிட்டர் வீதம் 2,000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு. மொத்தம் 120 கிலோ உப்பு! 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டின் பங்குக்கு ஏறத்தாழ 100 கிராம், அதாவது ஒரு நல்ல கைப்பிடி. இந்த உப்பு துணியோடு போகாது. சாயத்தை ஏற்றிவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று அப்படியே கழிவுநீரோடு வந்துவிடும். துணியில் ஒட்டாத மிச்சச் சாயமும் கூடவே வரும். டி-ஷர்ட் கப்பலேறிப் போய்விடும். உப்பு நம்ம ஊரிலேயே தங்கிவிடும்.

கலரைக் கண்ணால் பார்க்கலாம், எடுத்தும் விடலாம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டால் சாயம் திரிந்து அடியில் வண்டலாகிவிடும். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்தது பெரும்பாலும் இதைத்தான். வெளியே வந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் கரைந்த உப்பு அதிலேயே இருந்தது. சுண்ணாம்புக்கு உப்பு பயப்படாது, நுண்ணுயிரும் உப்பைத் தின்னாது. வெளியே விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. சாயத் தண்ணீரில் அது பல மடங்கு இருக்கும். தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் இல்லை என்று இந்தப் பாடத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

அணை கட்டியும் பாசனம் இல்லை

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் மெலிந்து கிடக்கும். அதில் பாசனம் செய்யத்தான் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1990களின் தொடக்கத்தில் திறந்தார்கள். அதே வருடங்களில்தான் பனியன் ஏற்றுமதியும் கிடுகிடுவென ஏறியது. விளைவு? பாசன அணை சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. “அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்” என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. உலகத்தில் எந்த ஊர் விவசாயியாவது அணையில் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வானா? எங்கள் அப்புச்சி சொன்னார்.

“உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்” என்பது பெரியவர்கள் சொல்லும் பழமொழி. தப்பு செய்தவன் அதன் பலனை அனுபவிப்பான் என்று அர்த்தம். நொய்யல் கரையில் இந்தப் பழமொழி பொய்யாகிவிட்டது. உப்பைத் தின்றவன் ஒருவன், தண்ணீர் குடித்தவன் வேறொருவன். என்னைக் கேட்டால் வளரும் நாடுகளில் சுற்றுச்சூழல் பிரச்சினை என்பதே இந்த ஒரு வரிதான்.

முதலில் பணம், பிறகு சுத்தம்?

நம் நண்பர்கள் பலர் சொல்வார்கள்: “இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஜப்பானும் முதலில் அழுக்குப் பண்ணித்தானே பணக்காரன் ஆனான்? பிறகுதானே சுத்தம் பண்ணினான்? நமக்கு மட்டும் எதுக்குப் பாடம் நடத்துகிறான்?”

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் கயஹோகா என்ற ஆறு எண்ணெய்க் கழிவால் தீப்பிடித்தே எரிந்திருக்கிறது, 1969-இல். அதனால்தான் 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சி மாநாட்டில், பூமியைக் காக்கும் பொறுப்பு எல்லா நாட்டுக்கும் பொது, ஆனால் எல்லாருக்கும் சமம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதிகம் கெடுத்தவன் அதிகம் சுமக்க வேண்டும்.

மீதிப் பாதியில்தான் நான் மாறுபடுகிறேன். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊர். ரசாயன ஆலை ஒன்று கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீன் வழியாக மனிதனுக்கு ஏறியது. நரம்பு கெட்டு, கை கால் இழுத்து, தாயின் வயிற்றில் இருந்த பிள்ளை வரைக்கும் பாதிக்கப்பட்டது. நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956-இல். கழிவு நின்றது 1968-இல். நடுவில் பன்னிரண்டு வருடம்! “முதலில் வளர்ச்சி, பிறகு சுத்தம்” என்று நாம் லேசாகச் சொல்கிறோமே, அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் இந்தப் பன்னிரண்டு வருடம்தான். பின்னால் ஜப்பான் பணக்கார நாடானது உண்மை. அந்தப் பிள்ளைகளின் நரம்பு திரும்ப வந்ததா?

நிலத்தடி நீரும் அப்படித்தான். பணம் சேர்ந்த பிறகு கிணற்றைக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பவர் ஒருமுறை எங்கள் அப்புச்சி தோட்டத்துக்கு வந்து பார்க்கட்டும்.

இழுத்து மூடினால் தீருமா?

சரி, மூடிவிடலாமா? அதையும் எங்கள் ஊர் பார்த்தாயிற்று.

நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன.

எனக்கு அப்போது மூன்று வயசு. எதுவும் நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா சித்தாள் வேலைக்குப் போனார், அதுவும் தினமும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணி சாயம் போட வெளியூர் போய் வர வேண்டியிருந்ததால் அங்கேயும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பக்கத்து லைன் வீட்டில் இருந்த இரண்டு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது.

அந்த நாளில்தான் அப்புச்சி ஒரு மூட்டைச் சோளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். மழையை நம்பி மேட்டு நிலத்தில் விதைத்தது. அப்பா முகம் கொடுத்தே பேசவில்லையாம். கோர்ட்டுக்குப் போன ஊர்க்காரர்களில் அப்புச்சியும் ஒருவர் அல்லவா! கிளம்பும்போது அப்புச்சி சொன்னாராம்: “நான் ஆறு நல்லா இருக்கோணும்னுதானுங்க மாப்பிள்ளை கேட்டேன். உங்க அடுப்பு அணையோணும்னு கேக்கலீங்க.”

நண்பர்களே, ஆற்றைக் கெடுத்தபோது அடிபட்டது அப்புச்சி. ஆலையை மூடியபோது அடிபட்டது அப்பா. இரண்டு தடவையும் அடி வாங்கியது ஏழை வீடு. அந்த டி-ஷர்ட்டை வெளிநாட்டில் வாங்கிப் போட்டவருக்கு இந்த இரண்டு சங்கதியும் தெரியாது.

மூன்றாவது வழி

மூடியதோடு கதை முடியவில்லை என்பதுதான் நல்ல செய்தி. சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவு வெளியே விடாத முறை, அதாவது ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’, ஒவ்வொரு நிலையமாக நடைமுறைக்கு வந்தது. அப்பாவும் மறுபடி வேலைக்குப் போனார்.

சென்ற விடுமுறையில் தொழிற்பயிற்சிக்காக அப்படி ஒரு நிலையத்துக்குப் போனேன். கழிவுநீரை முதலில் நுண்ணுயிரிகள் தின்று சுத்தம் செய்கின்றன. பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் மறுபக்கம். நல்ல தண்ணீர் திரும்பச் சாயப்பட்டறைக்கே போகிறது. உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியைச் சாயம் போடவே மறுபடி பயன்படுத்துகிறார்கள். மீதியை ஆவியாக்கி உப்பாகவே எடுக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று மலை மாதிரி கிடந்தது. நிலையத்தில் சுத்தமான தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்துக் காட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கவே தோன்றவில்லை. அந்த உப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இது அத்தனையும் ஒரு காலத்தில் அப்புச்சி கிணற்றுக்கு அல்லவா போய்க்கொண்டிருந்தது!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மழை நாளில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுபவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள். மறுபயனுக்கு ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. ஆவியாக்கும் பாய்லருக்கு விறகு எரிகிறது, அது வேறொரு மரத்தின் கணக்கு. ஊர்ச் சாக்கடையும் நொய்யலில்தான் விழுகிறது. ஆனால் ஒன்று நிரூபணம் ஆகிவிட்டது. தொழிலும் நடக்கலாம், கழிவும் ஆற்றுக்குப் போகாமல் இருக்கலாம். “முடியாது” என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. “செலவாகும்” என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

செலவு யார் தலையில்?

ஆக, பட்டிமன்றத் தலைப்பே தப்பு என்பது என் கருத்து. தொழிலா சுற்றுச்சூழலா என்பது கேள்வி அல்ல. சுத்தம் செய்யும் செலவை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

நூலுக்கு விலை கொடுக்காமல் யாராவது பனியன் தைக்கிறார்களா? கரண்ட் பில்லைக் கட்டாமல் மெஷின் ஓடுமா? அப்படியிருக்க, கழிவைச் சுத்தம் செய்வதை மட்டும் ஏன் ‘கூடுதல் செலவு’ என்கிறோம்? அதுவும் உற்பத்திச் செலவுதான். முதலாளி கொடுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. ஆற்றோடு போய்க் கீழே இருக்கும் விவசாயி கணக்கில் ஏறிவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவன்தான் ஈடு செய்ய வேண்டும், கெடும் முன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னது. இந்தியாவின் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியான அந்தத் தீர்ப்பு, நம்ம தமிழ்நாட்டு ஆற்றங்கரையில் பிறந்தது!

ஆனால் இதில் முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. சாயப்பட்டறைக்காரர் விலையை ஏற்றினால், பனியன் கம்பெனிக்காரர் வெளிநாட்டு பையரிடம் கேட்க வேண்டும். பையர் என்ன சொல்வார்? “பங்களாதேஷில் இதைவிடக் குறைவு” என்பார். அங்கே நிலைமை என்ன? டாக்கா நகரத்தில் ஹசாரிபாக் என்ற இடத்தில் இருந்த தோல் தொழிற்சாலைகள் புரிகங்கா ஆற்றைக் கெடுத்தன. 2017-இல் அவற்றை மூடி சாவருக்கு மாற்றினார்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையம் சரியாக வேலை செய்யாததால் இன்னொரு ஆறு கெட ஆரம்பித்தது. சுத்தத்துக்குச் செலவு செய்யாதவரை இடம் மாறும், ஆறு மாறும், அழுக்கு மாறாது. ஏழை நாடுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு, ‘என் ஆற்றை நான் இன்னும் மலிவாகத் தருகிறேன்’ என்று ஏலம் விடுவது போல்தான் இருக்கிறது இது.

ஆகவே அந்தக் கைப்பிடி உப்பின் செலவு டி-ஷர்ட்டின் விலைச்சீட்டில் ஏறியே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அதற்கான விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வேண்டும், விலை மட்டும் பழைய விலை என்றால் அது என்ன நியாயம்? இதைத் தனித்தனி முதலாளி கேட்டால் ஆர்டர் போய்விடும். வளரும் நாடுகள் சேர்ந்து கேட்க வேண்டும்.

வால்வு நம் கையில்

“இதெல்லாம் அரசாங்கமும் கோர்ட்டும் பையரும் பேச வேண்டிய விஷயம், டிப்ளமா படிக்கிற நமக்கு என்ன?” என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயிற்சிக்குப் போன இடத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் நம்மைப் போல பாலிடெக்னிக் படித்த ஓர் அண்ணன். அவர் சொன்னது இது:

“பாரும்மா, ஆபீசர் வர்றது பகல்ல. நிலையம் ஓடுறது ராத்திரியும் பகலும். சவ்வு அடைச்சுக்கும், பம்பு மக்கர் பண்ணும், தொட்டி நிரம்பி வழியப் பார்க்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வால்வைத் திறந்து ஓடையில விடறதா, மேல இருக்கிறவங்களுக்கு போன் போட்டு எழுப்பித் திட்டு வாங்கறதான்னு முடிவு பண்றவன் என்னை மாதிரி ஒரு டிப்ளமாக்காரன்தான்.”

மாநாட்டுத் தீர்மானமும் நீதிமன்றத் தீர்ப்பும் சட்டமும் விதியும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த வால்வு. நாளைக்கு அங்கே நிற்கப் போவது நாம். கெமிக்கல் மாணவர் கழிவைச் சோதிப்பார். மெக்கானிக்கல் மாணவர் பம்பையும் பாய்லரையும் பார்ப்பார். சிவில் மாணவர் தொட்டி கட்டுவார். எலெக்ட்ரிக்கல் மாணவர் மோட்டார் ஓட்டுவார். எங்கள் டெக்ஸ்டைல் பிரிவு அந்தக் கழிவையே குறைக்கலாம். குறைந்த தண்ணீரில், குறைந்த உப்பில் சாயம் போடும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

எனவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பரீட்சைக்கு நாலு மார்க் கேள்வியாகப் படிக்காமல் செய்முறையாகக் கற்கவும், எல்லாப் பிரிவுக்கும் ஒரு வாரமாவது நேரில் பயிற்சி கிடைக்கவும் சங்கம் கேட்க வேண்டும். இரண்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி, நம் விடுதித் தண்ணீரையும் நம்மவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து நோட்டீஸ் போர்டில் மாதாமாதம் எழுதிப் போடுவோம். அளக்காமல் கோஷம் போடுவது சுலபம், அளந்துவிட்டுப் பேசினால்தான் எதிராளி காது கொடுப்பான். மூன்றாவது கோரிக்கை சங்கத்திடம் இல்லை, உங்களிடம். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் லாக் புக்கில் பொய் ரீடிங் எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்று இன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். தனியாகச் சொன்னால் வேலை போகும் என்ற பயம் எனக்கும் உண்டு. குடும்பத்தில் முதல் சம்பளம் வாங்கப் போகிறவளுக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகமே உண்டு. அதனால்தான் இதைத் தனியாகச் சொல்லாமல், நம் எல்லாருடைய மலரிலும் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு அப்பாவும் அப்புச்சியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியில் பார்த்ததை விளக்கினேன். அப்பா, “இதுக்கு ஆகற செலவு உனக்குத் தெரியாது கண்ணு” என்றார். அப்புச்சி, “செய்யாம விட்டதுல ஆன செலவு எனக்குத் தெரியும்” என்றார். சண்டை தொடரும் என்றுதான் நினைத்தேன். தொடரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: “அந்த வேலைக்கு உன்னையெல்லாம் எடுப்பாங்களா கண்ணு?”

எடுப்பார்கள். எடுக்கும் நாளில் நாம் தயாராக இருக்க வேண்டும்.

— மாணவி, மூன்றாமாண்டு, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு